ஸ்டெல்லாவின் ஐந்து படிகள்

மார்ச் 3

ஐந்து படி. நான்கு நாள் வேலை. இதற்கு ஒரு நோட்டு தேவையில்லைதான். ஆனால் தேதி, வெயில், ஈரப்பதம், எத்தனை மைக்ரான் பூசினேன் என்று எழுதிவைப்பது கம்பெனியில் வந்த பழக்கம். கம்பெனியை விட்டு இரண்டு மாதமாகிறது, பழக்கம் விடவில்லை.

பெயிண்ட் டெக்னாலஜி படித்தவன் நான். ஏப்ரல் ஆறாம் தேதி கத்தாருக்கு டிக்கெட். எண்ணெய்த் தொட்டிகளில் பூச்சு சரியா தப்பா என்று பார்த்துக் கையெழுத்துப் போடும் உத்தியோகம். அதுவரை தூத்துக்குடியில் அக்கா வீட்டில் சாப்பாடும் தூக்கமும். சும்மா இருந்தால் எனக்குக் கிறுக்குப் பிடிக்கும். அத்தான் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

“மாப்ள, சும்மாதான இருக்க. ஸ்டெல்லாவோட படி அஞ்சையும் புதுசாக்கிக் குடேன். வார்னிஷ் எல்லாம் உரிஞ்சு சொறி புடிச்ச மாதிரி கெடக்கு.”

கஸ்பார் அத்தான் கப்பலில் இரண்டாம் அதிகாரியாக இருந்தவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் துறைமுகத்தில் கப்பலைக் கட்டும்போது கயிறு அறுந்து அடித்ததில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. இப்போது அங்கே செயற்கைக் கால். ஒரு வருஷம் வீட்டுக்குள் கிடந்தார். பிறகு எழுந்து, கொச்சியில் ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போன பாய்மரப் படகை வாங்கிக்கொண்டு வந்தார். இருபத்தெட்டு அடி. பெயர் ஸ்டெல்லா. இந்த மாதம் முடிவதற்குள் அதில் தனியாக மாலத்தீவின் வடக்கு முனைக்குப் போய்த் திரும்பப்போகிறார். போக மூன்று நான்கு நாள் ஆகும். வாடைக்காற்று முதுகில் தள்ளிக்கொண்டு போகும். ஏப்ரலில் காற்று மாறிக் கச்சான் வீச ஆரம்பித்ததும் அதே போலத் திரும்பி வந்துவிடலாம். புறப்படுவதற்குள் கச்சான் வந்துவிட்டால் அடுத்த ஜனவரிவரைக்கும் பேச்சில்லை.

இது ஊருக்கே தெரியும். கோயில் வாசலில் படத்தோடு ஒரு ஃபிளெக்ஸ் பேனரே இருக்கிறது.

சாயங்காலம் அடுப்படியில் இன்பென்டா அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமலே பேசினாள்.

“படி வேலைய நீ எடுத்துருக்கியாம்ல.”

“ஆமா. வெள்ளிக்கிழமை முடிஞ்சிரும்.”

“முடிக்காத.”

“என்ன?”

“முடிக்காதங்கேன். மாசக் கடைசி வர இழு. காத்து மாறட்டும்.” செதிலைச் சுரண்டினாள். “நான் சொன்னா அவுக கேக்க மாட்டாக. பயந்தாங்கொள்ளிம்பாக. பொண்டாட்டி காலக் கட்டுதான்னு ஊரு சொல்லும். நீ படிச்சவன்லா. ஈரம் காயலம்பியோ, மருந்து சரியில்லம்பியோ, ஏதாவது சொல்லு.”

“அக்கா, நாலு நாள் வேலைய நாலு வாரம் இழுக்க என்னால முடியாது. எனக்கு அப்படிப் பழக்கம் இல்ல.”

“பழகு,” என்றாள். “ஒரு கால குடுத்தாச்சு. மிச்சத்தையும் குடுக்க மாட்டேன்.”

அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அழவில்லை. அழுதிருந்தால் மறுத்திருப்பேன்.

மார்ச் 4

வெப்பம் 33. ஈரப்பதம் 71.

திரேஸ்புரத்துக்கு வடக்கே, மீன்பிடிப் படகு கட்டும் இடத்தில் ஸ்டெல்லாவைக் கரையேற்றி முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். சுற்றிலும் பாதி கட்டிய படகுகள் மீன் முள் போல நிற்கின்றன. இவள் மட்டும் வெள்ளையாக, இடம் தெரியாமல் வந்துவிட்ட விருந்தாளி மாதிரி. வெளியே சாத்திய இரும்பு ஏணியில் ஏறி மேல்தளத்துக்குப் போக வேண்டும். அத்தான் அதில் கைப்பலத்திலேயே ஏறிவிடுகிறார். மேல்தளத்திலிருந்து அறைக்குள் இறங்கத்தான் இந்த ஐந்து படிகள். தேக்கு. ஏணியைவிடக் கொஞ்சம் சரிவு, மாடிப்படியைவிடச் செங்குத்து. கழற்றி எடுத்துப் போக முடியாதபடி இஞ்சின் பெட்டியோடு சேர்த்து அடைத்திருக்கிறார்கள். எனவே உள்ளே உட்கார்ந்தே வேலை.

ஹீட் கன்னால் சூடு காட்டிச் சுரண்டினேன். பழைய வார்னிஷ் பனங்கற்கண்டுத் தகடு மாதிரி உரிந்து வந்தது. அதன் அடியில் மரம் சாம்பல் நிறம். இன்னும் சுரண்டினால் திடீரென்று தேன்.

சுரண்ட ஆரம்பித்தது ஒன்பது மணிக்கு. நிமிர்ந்தபோது மணி ஒன்று. நான்கு மணி நேரம் எங்கே போனதென்று தெரியவில்லை.

மார்ச் 5

சாம்பல் புதன். பட்டறையில் எல்லார் நெற்றியிலும் சாம்பல், என் தலைமுடியில் தேக்குத் தூள். கறுப்புக் கறைகளுக்கு ஆக்ஸாலிக் அமிலம் பூசி வைத்திருக்கிறேன்.

மார்ச் 7

உப்புத்தாள் 80, 120, 180. அசிட்டோனால் எண்ணெய்ப் பசை துடைத்தேன். முதல் கோட்: பாதிக்குப் பாதி தின்னர் கலந்து. மரம் குடித்துவிட்டது.

அத்தான் தினமும் உள்ளே இறங்கி ரேடியோ, பேட்டரி என்று ஏதாவது பார்ப்பார். அதனால் ஒற்றைப்படைப் படிகளுக்கு இன்று, இரட்டைப்படைப் படிகளுக்கு நாளை என்று மாற்றி மாற்றிப் பூசுவதாக ஏற்பாடு. இது எல்லா இடத்திலும் செய்வதுதான். ஈரப் படியை விட்டுவிட்டு அடுத்ததில் கால் வைக்க வேண்டும். அவ்வளவே.

“சரி மாப்ள,” என்றார். சொல்லிவிட்டுப் படிகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. செயற்கைக் காலை வைத்துக்கொண்டு ஒரு படி விட்டு ஒரு படி இறங்குவது என்னவென்று நான் யோசிக்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

பக்கத்துப் படகில் வேலை பார்க்கும் ஓடாவி கிரகோரி அண்ணன் எட்டிப் பார்த்தார். ஓடாவி என்றால் இங்கே படகு கட்டும் தச்சர்.

“இஞ்சினியரு, எத்தன கோட்டு?”

“எட்டு.”

“எட்டா! எங்க வீட்டுக் கல்யாணப் பொண்ணுக்கே மூணு கோட்டுதான் பவுடர் அடிச்சோம். முகம் பாக்கவா தம்பி படி? மிதிக்கத்தான?”

கண்ணாடி மாதிரி பளபளப்பு வந்தால்தான் பூச்சு முழுமை, தண்ணீர் உள்ளே இறங்காது என்று விளக்கினேன். அவர் உளியைத் தீட்டிக்கொண்டே கேட்டார். நம்பியதாகத் தெரியவில்லை.

மார்ச் 9

இரண்டாம் கோட். பூசுவதற்குக் கிடைப்பது காலையில் இரண்டு மணி நேரம்தான். எட்டு மணிவரை பனி ஈரம். பத்தரைக்கு மேல் கடற்காற்று எழுந்து உப்பளத்துத் தூசியைத் தூக்கிக்கொண்டு வரும். இந்த இடைவெளியில் காற்றே இல்லை. பட்டறை முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும். பிரஷ்ஷை ஒரே திசையில், நிறுத்தாமல், படியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் குமிழி.

கம்பெனியில் என்னோடு வேலை பார்த்தவர்கள் இதைப் பார்த்தால் சிரிப்பார்கள். ஸ்பிரே அடித்துவிட்டு அடுத்த தொட்டிக்கு ஓடியவன் நான்.

மார்ச் 10

அக்காவுக்குக் கொடுத்த வாக்குப்படி முதல் தடவை கெடுத்தேன். கடற்காற்று எழுந்த நேரத்தில் படிகளுக்கு மேலே இருக்கும் வாசல் மூடியைத் திறந்து வைத்தேன். தூசி ஒட்டிக்கொண்டது. “திரும்பத் தேய்க்கணும் அத்தான்,” என்றேன். “தேய்ச்சிருவோம்,” என்றார். கோபமே இல்லை.

பொய் சொல்வது இவ்வளவு சுலபமென்றால் இத்தனை வருஷம் உண்மை பேசிக் கெட்ட பெயர் வாங்கியிருக்க வேண்டாம்.

மார்ச் 12

இரண்டாம் படியில் ஒரு அடையாளம். நேற்று மத்தியானம் நான் சாப்பிடப் போனபோது வார்னிஷ் ஈரம். திரும்பி வந்தபோது நடுவில் ஒரு அழுத்தம். செருப்புத் தடமில்லை, வெறுங்கால் தடமும் இல்லை. விரல்கள் இல்லாத, முனை மழுங்கிய ஏதோ ஒன்று.

பட்டறையில் ஒரு பூனை இருக்கிறது. பூனை என்று எழுதிக்கொள்கிறேன்.

மார்ச் 14

மத்தியானம் படகுக்குள்ளேயே படுத்துவிட்டேன். கீழே கட்டிலில் மல்லாந்து கிடந்தால் படிகளுக்கு மேலே சதுரமாக வானம் தெரிகிறது. ஒரு மேகம் அந்தச் சதுரத்தின் ஒரு ஓரத்தில் நுழைந்து மறு ஓரத்தில் வெளியேறியது. அடுத்தது வந்தது. சற்று நேரத்தில் மேகம் நின்றுவிட்டது, படகு போக ஆரம்பித்தது. முட்டுக்கட்டைகளின் மேல் நிற்கிற படகு. அடியில் வெறும் மண், பீடித் துண்டு, ஆட்டுப் புழுக்கை. எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் போய்க்கொண்டிருந்தேன். வார்னிஷ் மணம், இஞ்சின் எண்ணெய் மணம், எங்கோ உளி கொத்தும் சத்தம். அந்தச் சத்தம் அலை படகின் வயிற்றில் தட்டுவதாக மாறிற்று. படிகள் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகக் கரைந்து ஐந்தும் ஒரே மஞ்சள் வாய்க்காலாக மேலே ஓடின.

கண் விழித்தபோது மணி இரண்டரை. கழுவாமல் வைத்த பிரஷ் கல்லாகியிருந்தது. நல்ல பிரஷ். முதல் வருஷ மாணவன்கூட இப்படிச் செய்ய மாட்டான்.

மார்ச் 16

ஞாயிறு. பூசையில் சாமியார் அத்தானின் பயணத்துக்காக வேண்டிக்கொள்ளச் சொன்னார். வெளியே வந்ததும் ஆளுக்கு ஆள் முதுகில் தட்டினார்கள். “எப்பக் கிளம்புறீக கேப்டன்?” “மாலத்தீவுல இருந்து ஒரு ஃபோட்டோ போடுங்க.” அத்தான் எல்லாரையும் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு முகத்தில் ஒட்டவைத்த ஸ்டிக்கர் மாதிரி இருந்தது. ஓரம் தூக்கிக்கொண்டு.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டார்.

“இன்னும் எத்தன கோட்டு மாப்ள?”

“நாலு. நல்லாக் காய விடணும்.”

“விடு, விடு. நல்லாப் பண்ணு. அவசரப்படாத.”

என்னிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை. “ஏம்ல பறக்க” என்பார்கள். அவசரப்படாதே என்று இவ்வளவு ஆசையாக யாரும் கேட்டதில்லை.

மார்ச் 18

கணக்குப் பார்த்தேன். இதுவரை ஐந்து தடவை பூச்சு கெட்டிருக்கிறது. இரண்டு தடவை நான் கெடுத்தது. மூன்று தடவை நான் இல்லை.

பூனை மத்தியானத்தில் மட்டும் வருகிறது. ஒரே மாதிரி அழுத்தம், விரல்கள் இல்லாமல். வேறு யாரையும் நான் கேட்கவில்லை. கிரகோரி அண்ணனிடம் பூனையைப் பற்றி மட்டும் கேட்டேன். அது குட்டி போட்டு ஒரு வாரமாக வலைக் கட்டுக்குள் கிடக்கிறதாம்.

மார்ச் 20

இன்று சாப்பாட்டுக்குப் போன நான் அரை மணியில் திரும்பிவிட்டேன். பட்டறையே தூங்கிக்கொண்டிருந்தது. கிரகோரி அண்ணன் ஒரு பலகையில், வாயைத் திறந்துகொண்டு. இரும்பு ஏணியில் சத்தமில்லாமல் ஏறினேன்.

அத்தான் கீழே அறையின் தரையில் உட்கார்ந்திருந்தார். செயற்கைக் காலைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். அவருக்கும் எனக்கும் நடுவில் ஐந்து படிகள். காலையில் பூசிய மூன்று படிகளிலும் அந்தத் தடம்.

“சீக்கிரம் வந்துட்ட மாப்ள,” என்றார்.

நான் மேலேயே உட்கார்ந்தேன். உள்ளே இறங்கினால் இன்னும் கெடும் என்று நினைத்தேன். கெடுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

“மிதிச்சுப் பாத்தேன். வேணும்னுதான்.” மடியில் இருந்த காலின் அடியை விரலால் துடைத்தார். “நீ அவசரக்காரன்லா. எங்க சட்டுனு முடிச்சிருவியோன்னு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

“பயமா அத்தான்?”

இப்படிக் கேட்கக் கூடாதுதான். எனக்குச் சுற்றி வளைக்க வராது.

அவர் கோபப்படவில்லை. டிசம்பரில் முயல்தீவுக்கு அப்பால் தனியாகப் பாய் விரித்துப் போன ஒரு நாளைப் பற்றிச் சொன்னார். நல்ல வாடை. படகு ஒருபக்கமாகச் சாய்ந்து ஓடிக்கொண்டிருந்தது. சுக்கானைக் கட்டிவிட்டுத் தண்ணீர் எடுக்க உள்ளே இறங்கினார். கடைசிப் படியில் செயற்கைக் கால் வழுக்கித் தரையில் விழுந்தார். எழுந்து ஏறப் பார்த்தார். படகு சாய்ந்திருந்தால் படியும் சாய்ந்திருக்கும். இடது காலுக்குப் படி தெரியாது, அதற்கு உணர்ச்சி இல்லையே. வைத்தால் வழுக்கும். கையால் பற்ற ஒன்றும் இல்லை.

“நாப்பது நிமிஷம் மாப்ள. கீழ கெடந்தேன். இதே எடத்துல.” தரையைத் தொட்டார். “மேல சதுரமா வானம். படகு அது பாட்டுக்குப் போவுது. என்ன அழகாப் போவுது! அப்படி ஒரு ஓட்டம் நான் ஓட்டுனப்பகூட வரல. நான் வேண்டாம் அதுக்கு. பாயில காத்து, வெயிலு, தண்ணிச் சத்தம். தாலாட்டுற மாதிரி. அப்பதான் நினைச்சேன், இது இப்படியே ஆப்பிரிக்கா வர போனாலும் ஒருத்தருக்கும் தெரியாதே.”

எப்படி ஏறினார் என்று கேட்டேன். காற்று விழுந்து படகு நிமிர்ந்ததாம். அவ்வளவுதான்.

“அக்காட்டச் சொன்னீங்களா?”

“எப்படிச் சொல்ல? ஊரெல்லாம் பேனரு.” காலை எடுத்து மாட்டினார். பட்டையை இறுக்கும் சத்தம் கேட்டது. “ஏப்ரல் வந்துட்டா காத்து மேல பழியப் போட்டுரலாம். இல்லன்னா வார்னிஷ் மேல. நீயும் மெதுவாத்தான பண்ணுத, எனக்கு அது ஒரு வசதி.”

ஏன் மெதுவாகச் செய்தேன் என்று நான் சொல்லவில்லை. அவர் ஏறி வந்தார். ஐந்து படி. படகு அசையாமல் மண்ணில் நிற்கும்போதே ஒரு நிமிஷம் ஆயிற்று. நான் எண்ணினேன்.

மார்ச் 21

வேலை இல்லை. உப்பளத்து ஓரமாக நடந்தேன். பாத்தி பாத்தியாக வானம். நடப்பது தரையிலா என்ற சந்தேகம் வந்தது.

அக்கா, அத்தான், இரண்டு பேருமே இந்தப் பயணம் நடக்கக் கூடாது என்று நினைக்கிறார்கள். ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே வேலையைச் செய்கிறார்கள். நடுவில் நான். வாயை மூடிக்கொண்டு இன்னும் பத்து நாள் தேய்த்தால் எல்லாம் சுபம். அக்காவுக்கு அத்தான், அத்தானுக்குப் பேர், எனக்குக் கத்தார்.

ஆனால் அடுத்த ஜனவரியிலும் அந்தப் படி அதே படிதானே.

மார்ச் 22

அளந்தேன். படியின் அகலம் 11 செ.மீ., முழுவதும் தட்டை. படகு இருபத்தைந்து டிகிரி சாய்ந்தால் கால் வைக்கும் இடம் ஓடு வேய்ந்த கூரை மாதிரி. அதன்மேல் நான் கண்ணாடி போலப் பூசியிருக்கிறேன். ஈரக் கால் வைத்தால் சோப்புத்தான். பளபளப்பை அளக்கும் கருவியில் 90க்கு மேல் காட்டியபோது போன வாரம் சந்தோஷப்பட்டேன். பூச்சைத்தான் பார்த்தேன். கால் என் படிப்பில் வரவில்லை.

முதல் கோட் அன்றே கிரகோரி அண்ணன் சொன்னார், படி மிதிக்கத்தானே என்று. அவரிடம் போய் நின்றேன்.

“அண்ணே, படியோட ரெண்டு ஓரமும் மேல தூக்கின மாதிரி சாய்வுக் கட்டை வேணும். எந்தப் பக்கம் சாஞ்சாலும் அந்தப் பக்கத்துக் கட்டை தரையா நிக்கணும். ரெண்டு பக்கமும் கைப்பிடி.”

“அப்ப எட்டுக் கோட்டு?”

“சுரண்டிட்டேன்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அடப் பாவி. நான் பாக்கதுக்குள்ளயேவா? ஒரு தடவ அதுல மீசைய ஒதுக்கலாம்னு இருந்தேன்.”

மிதிக்கும் இடத்தில் இருந்த வார்னிஷ் முழுவதையும் சுரண்ட முக்கால் மணி நேரம்தான் ஆயிற்று. மூன்று வார வேலை. வெறும் தேக்கு, உப்புத்தாள் 60 போட்டுச் சொரசொரப்பாக. ஓரங்களுக்கும் கைப்பிடிக்கும் மட்டும் வார்னிஷ் இருக்கட்டும்.

தீர்வு தெரிந்த பிறகு தெரியாதவன் மாதிரி உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. இதை அக்காவிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

மார்ச் 24

சொல்ல வேண்டியிருக்கவில்லை. அக்கா எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். இத்தனை நாளில் பட்டறைக்குள் வந்தது இதுவே முதல் தடவை. கிரகோரி அண்ணன் ஐந்து படிக்கும் கட்டை இழைத்து முடித்து வரிசையாக அடுக்கியிருந்தார்.

“இது என்னது?”

“படிக்கு.”

“படி முடியப்போவுதா?”

“நாளைக்கு.”

தூக்குச்சட்டியை மண்ணில் வைத்தாள். “நான் ஒங்கிட்ட என்ன சொன்னேன்?”

“அக்கா, அவர் கீழ விழுந்து நாப்பது நிமிஷம் கெடந்துருக்காரு. ஏற முடியல. அதான்...”

வாயை மூடியபோது காலம் கடந்திருந்தது. அத்தான் என்னிடம் யாரிடமும் சொல்லாதே என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருப்பார்.

அக்கா முகம் மாறவில்லை. “எப்ப?”

“டிசம்பர்ல.”

“முழங்கையில தோலு வழண்டு வந்த அன்னிக்கி,” என்றாள் தனக்குள். “கதவுல இடிச்சேன்னாக.” பிறகு மெதுவாக, “அவுகளும் போக வேண்டாம்னா இருக்காக?”

“போகணும்னும் இருக்கு. பயமும் இருக்கு. ரெண்டும்.”

ஸ்டெல்லாவை அண்ணாந்து பார்த்தாள். வெயிலில் படகின் வெள்ளை கண்ணைக் கூசவைத்தது. நீண்ட நேரம் பார்த்தாள். ஏதோ எட்டாம் வகுப்புப் பையன் கரும்பலகையில் தப்பாகப் போட்ட கணக்கைப் பார்க்கிற மாதிரி.

“எறக்கு,” என்றாள்.

“என்ன?”

“படகத் தண்ணியில எறக்கச் சொல்லு. சாச்சுப் பாக்க முடியுமா? கரையில கட்டிக்கிட்டே?”

கிரகோரி அண்ணன் எங்களுக்குத் தெரியாமல் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். “முடியும் டீச்சர். பாய்மர உச்சியில கயிறக் கட்டி இழுத்தா, கும்புடு போட்ட மாதிரி சாயும். பன்னண்டு பேரு வேணும்.”

“பன்னண்டு பேரப் புடிங்க,” என்றாள்.

மார்ச் 25

சாய்வுக் கட்டைகள், கைப்பிடி பொருத்தியாயிற்று. அத்தான் என்னைப் பார்த்து, “சொல்லிட்டியோ,” என்றார். “ஆமா.” “நல்லதாப் போச்சு,” என்றார். நல்லதாகப் போனதாக முகம் சொல்லவில்லை.

மார்ச் 27

காலை ஏழு மணி. கடல் எண்ணெய் ஊற்றிய மாதிரி அசையாமல் கிடந்தது. கடலுக்குள் நீளும் சின்னப் பாலத்தை ஒட்டி ஸ்டெல்லா தண்ணீரில். மூன்று வாரம் அவளுக்குள்ளேயே இருந்தவனுக்கு, தண்ணீரில் பார்த்தபோது வேறு யாரையோ பார்ப்பது போல் இருந்தது. கேள்விப்பட்டு நாற்பது ஐம்பது பேர் கூடிவிட்டார்கள். பேனர் வைத்த கமிட்டி ஆட்களும்.

அக்கா படகில் ஏறினாள். செருப்பைக் கழற்றிப் பாலத்தில் வைத்துவிட்டு, வாசலில் கோலத்தை மிதிக்காமல் தாண்டுகிற மாதிரி ஒரு கால். பிறகு மறு கால். மேல்தளத்தில் படிகளின் தலைமாட்டில் உட்கார்ந்து நேரம் அளக்கப் போனை எடுத்தாள். அத்தான் அவளைத் தாண்டி உள்ளே இறங்கினார்.

பன்னிரண்டு பேர் கயிற்றை இழுத்தார்கள். பாய்மரம் எங்களை நோக்கிக் குனிந்தது. மெதுவாக, மிக மெதுவாக. படகு முழுவதும் தூக்கத்தில் புரண்டு படுப்பது போல. உள்ளே ஏதோ பாத்திரம் உருண்ட சத்தம். நான் கோணமானியைப் பார்த்தேன். “இருபத்தஞ்சு! புடிங்க!”

“ஏறுங்க,” என்றாள் அக்கா.

முதல் தடவை இரண்டாம் படியிலேயே இடது கால் கட்டையைத் தவறவிட்டு மூலையில் சரிந்தார். அக்காவின் கை தானாக நீண்டது. அதை இழுத்து மடியில் வைத்து மறு கையால் பிடித்துக்கொண்டாள்.

“என்னங்க, அடி பட்டுச்சா?”

“இல்ல.”

“அப்ப எந்திரிங்க.”

இரண்டாம் தடவை. வலது காலை வைப்பார். கைப்பிடியில் உடம்பைத் தூக்குவார். செயற்கைக் காலைக் கண்ணால் பார்த்துப் பார்த்து, சாய்வுக் கட்டையின் மேல் கொண்டுபோய் வைப்பார். அது உட்கார்ந்ததா என்று ஒரு தட்டு தட்டிப் பார்ப்பார். தேக்கில் அந்தத் தட்டு பாலம்வரை கேட்டது. கயிறு பிடித்தவர்கள் மூச்சு விடவில்லை. ஒரு படி, ஒரு தட்டு. ஒரு படி, ஒரு தட்டு. தலை வெளியே வந்தபோது சட்டை முழுக்க நனைந்திருந்தது. எல்லாரும் கை தட்டினார்கள்.

“அப்ப மாலத்தீவுக்கு எப்ப கேப்டன்?” கமிட்டியில் யாரோ கத்தினார்.

அத்தான் அக்காவைப் பார்த்தார். அவள் போனைத் திருப்பிக் காட்டினாள். 4:10.

“கடல்ல நாலு நிமிஷம் இருக்குமா?” என்று அவருக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள். நான் பக்கத்தில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

அத்தான் கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றார். பாலத்தில் இருந்த எல்லாரையும் பார்த்தார். கோயில் வாசலில் சிரித்த சிரிப்பு இல்லை.

“இந்த வாடைக்கு இல்ல,” என்றார் உரக்க. “எனக்கு இன்னும் ஏறத் தெரியல.”

பாலத்தின் மேல் ஒரு காகம் கத்தியது.

“ஏறத் தெரியாமலா கேப்டன் இத்தன மாசம் எறங்குனீக?” என்றார் கிரகோரி அண்ணன். யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும். அத்தானும் சிரித்தார்.

நான் கயிற்றை விடச் சொன்னேன். படகு நிமிரும்போது அக்கா விழாமல் இருக்கப் பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டாள். எழுந்து பாலத்துக்கு வருவாள் என்று கை நீட்டினேன். அவள் என் கையைப் பார்க்கவில்லை. கிரகோரி அண்ணனைப் பார்த்தாள்.

“நாளைக்கும் பன்னண்டு பேரு வருவாகளா?”

மார்ச் 28

3:55. ஒரு தடவை விழுந்தார்.

மார்ச் 29

3:58. அக்கா, “நேத்தவிட மோசம்,” என்றாள். அத்தான், “நேத்து கயிறு இழுத்தவன் சாப்புட்டிருந்தான்,” என்றார்.

மார்ச் 31

3:20. பேனரைக் கழற்றிவிட்டார்கள். கிரகோரி அண்ணன் கேட்டு வாங்கிக்கொண்டார், மழைக்குப் படகு மூட ஆகுமாம். அத்தானின் முகம் இப்போது ஒரு மீன்பிடிப் படகின் மேல் வெயில் காய்கிறது.

ஏப்ரல் 3

2:51. மூன்றாம் படியின் வலது கட்டையைக் கொஞ்சம் இழைத்துக் குறைத்தேன். வெறும் தேக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கடல் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் போதும், குறுக்குவாட்டில். வார்னிஷ் போட்ட இடத்துக்கு வருஷம் இரண்டு கோட். எல்லாம் ஒரு தாளில் எழுதி உள்ளே ஒட்டியிருக்கிறேன். அக்கா படித்துவிட்டு, “ஒனக்கு இவ்வளவு பொறுமையா எழுதத் தெரியுமா?” என்றாள்.

ஏப்ரல் 5

விடியற்காலையில் காற்று திரும்பிவிட்டது. பாலத்தில் நின்றபோது சட்டை மறுபக்கமாக உப்பியது. கச்சான். அத்தான் பார்த்தார். கயிற்றை அவிழ்த்து மறுபக்கம் கட்டினார், சாய்ப்பதற்கு வாகாக.

ராத்திரி ரயில். நாளை விமானம். நான்கு நாள் வேலை என்று எழுதி ஆரம்பித்தேன், முப்பத்து மூன்று நாள் ஆகியிருக்கிறது. இதைப் பிழை என்று குறிப்பதா என்று யோசித்துவிட்டு விட்டுவிட்டேன்.

மே 11, கத்தார்

வெப்பம் 42. இங்கே ஒரு நாளைக்கு ஆறு தொட்டி பார்க்க வேண்டும். நான் நான்குதான் பார்க்கிறேன் என்று மேலாளர் புகார் சொல்கிறார். தொட்டிக்கு வெளியே சுற்றிப் போகும் இரும்புப் படிகளில் நானே ஏறி இறங்கிப் பார்ப்பதுதான் காரணம். அது என் வேலை இல்லையாம்.

அக்கா வாரத்துக்கு ஒருமுறை ஒரே ஒரு எண்ணை மட்டும் அனுப்புவாள். 2:40. 2:31. போன வாரம் 2:22. நலமா, சாப்பிட்டாயா எதுவும் இருக்காது.

இன்று வந்தது: 1:48.

தொட்டியின் நிழலில் நின்றுகொண்டு இரண்டு தடவை படித்தேன். ஒரே வாரத்தில் முப்பத்து நான்கு வினாடி குறைய வழியே இல்லை. அளந்ததில் தப்பு இருக்க வேண்டும்.

“அத்தானா?” என்று அனுப்பினேன்.

அடுத்த தொட்டியின் படிகளில் ஏற ஆரம்பித்தேன். பாதியில் பதில் வந்தது.

“அவுகளுக்கு 2:19. இது நான்.”